பத்திரிகை வைத்த வீடு

நாக்பூர்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமிக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நான் பேயிங் கெஸ்ட்டாக இருந்த நான்கு வருஷமும் நாம் பேசியதைவிட எழுதியதுதான் அதிகம். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் நீங்கள் படுத்திருப்பீர்கள். நான் எழுந்திருப்பதற்குள் கோயிலுக்குக் கிளம்பியிருப்பீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு இருக்கும். ‘மோர் மேல் தட்டில். மூடி இறுக்கமாக இல்லை. சாய்க்காதே.’ அந்தச் சீட்டுகளில் கொஞ்சம் நீளமானது என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் சங்கரேஸ்வரி சித்தியும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அன்று நடந்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சித்தி உங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்பதிலேயே அவளுக்குப் பாதி நேரம் போய்விட்டது. நீங்கள் காபி கொடுத்தீர்கள். பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோம். அதுவரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து செம்பூரில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை கொடுத்த கையோடு அந்த வீட்டு அம்மாவுக்குக் குங்குமச் சிமிழை நீட்டியிருந்தேன். கை அதற்குப் பழகிவிட்டது. உங்களுக்கும் நீட்டிவிட்டேன்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, கூறு இல்ல? மாமிகிட்ட நீட்டுதியே” என்றாள். சிமிழை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீங்கள், “பத்திரிகையை டீப்பாய் மேல வெச்சுட்டுப் போங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

வெங்கடராமன் மாமா காலமாகிப் பதினொரு வருஷம் என்பது எனக்குத் தெரியாததா? ஹாலில் மாட்டியிருக்கும் அவர் படத்தைத் தாண்டித்தானே தினமும் ஆபீஸ் போனேன். கணவரை இழந்தவருக்குக் குங்குமம் நீட்டக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீட்டியது என் தப்பு.

இங்கே இன்ஷூரன்ஸ் கிளை ஒன்றில் கணக்குத் தணிக்கை. அடுத்து ராய்ப்பூர். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாளே என்று சித்தி புலம்புகிறாள். எனக்கோ இந்தப் பயணம் வேண்டியிருக்கிறது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் யாரும் என்னிடம் புடவையின் நிறத்தைக் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் வந்த முதல் வருஷ மழையில் சயன் ஸ்டேஷனிலேயே ரயில் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தேன். நீங்கள் கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, குடையோடு நின்றீர்கள். “போன் எதுக்கு வெச்சிண்டிருக்கே? பாத்ரூம்ல வெந்நீர் இருக்கு. மொதல்ல காலை அலம்பு” என்றீர்கள். அந்த ஊரில் எனக்காக ஒருவர் வாசலில் நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படி நின்றவர் என் கல்யாணத்தில் இல்லாவிட்டால் எப்படி? ஜூன் எட்டு, ஞாயிறு, செம்பூர் மண்டபம். நீங்கள் வரவேண்டும்.

பூமாரி


மாதுங்கா
23 ஏப்ரல் 2025

பூமாரிக்கு,

உன் கடிதம் நான்காம் மாடி திருவேங்கடம் வீட்டுக்குப் போய், அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி விலாசத்தைப் படித்த பிறகு என்னிடம் வந்தது. வீட்டு எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறாய். நான்கு வருஷம் குடியிருந்த வீட்டின் எண்.

நீ கேட்டிருக்கும் மன்னிப்பு அவசியமில்லை. அந்தப் பேச்சை இத்துடன் விடு.

நான் கல்யாணங்களுக்குப் போவதில்லை. மாமா போனதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சொந்தக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவார்கள். நான் வாழ்த்தைத் தபாலில் அனுப்புவேன். இரு தரப்புக்கும் சௌகரியம். உனக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன். மானசாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மானசா என்பவள் உன் அறைக்கு வந்திருக்கும் பெண். பல் தேய்த்துக்கொண்டே போன் பேசுகிறாள். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரிகிறதோ. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் ஃபிரிட்ஜ் சீட்டை இங்கிலீஷில் எழுதுகிறேன். அதில் தயவுசெய்து, நன்றி எல்லாம் சேர்க்க வேண்டியிருக்கிறது. உனக்கு எழுதியபோது ஒரு வரியில் முடிந்தது.

உங்கள் பத்திரிகை பார்க்க நன்றாக இருக்கிறது. பிள்ளையாரின் தும்பிக்கை மாப்பிள்ளையின் பெயருக்கு மேல் விழுந்திருக்கிறது. அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒருவராவது நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும்.

நாக்பூர் வெயிலில் தலையை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே.

நாகலக்ஷ்மி வெங்கடராமன்


ராய்ப்பூர்
3 மே 2025

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் பதில் எழுதியதே எனக்குப் பாதி நிம்மதி. தும்பிக்கையைப் பற்றி ஹரிகிருஷ்ணனிடம் சொன்னேன். “பிள்ளையார் என்னை ஆசீர்வாதம் பண்ணுறார், அவங்களுக்கு ஏன் பொறாமை” என்கிறார். அவர் பேச்சு இப்படித்தான். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் ஹிந்தி, சமாதானத்துக்குத் தமிழ். நிச்சயமான பிறகு எங்களுக்குள் வந்த ஒரே சண்டை டிரோன் கேமராவைப் பற்றி. மண்டபத்துக்குள் அது பறக்க வேண்டுமாம். பூ அலங்காரத்தில் சிக்கி என் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கல்யாண வேலையைப் பாதி நான் போனிலேயே பார்க்கிறேன். சாப்பாட்டுக்காரரிடம் ராய்ப்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு அவியலைப் பற்றிப் பேசினேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், “கோயி பீமார் ஹை க்யா?” என்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கவலையோடு கேட்டாள். நான் அவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்கிறேன். புடவை மாதுங்கா கடையில் எடுத்தது. மாம்பழ நிறம், கரும்பச்சைக் கரை. நீங்கள் பார்த்தால் கரை அகலம் என்பீர்கள். அகலம்தான்.

இந்த ஊரில் சாலையெல்லாம் பெரிது, வீடெல்லாம் பெரிது. சாயங்காலம் ஆனால் பேச ஆள் இல்லை. எனக்கு நம் லோக்கல் ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மெண்ட் ஞாபகம் வருகிறது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருத்தி வந்து “தோடா சர்கோ” என்று கொஞ்சம் நகரச் சொல்வாள். முகத்தைச் சுளித்துக்கொண்டேனும் மூன்று பேரும் நகர்வார்கள். அவள் பெயர், ஊர், கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று யாரும் கேட்பதில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்தவளுக்கு உங்கள் ஊர் அப்படி ஒரு நான்காவது சீட்டைக் கொடுத்தது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அடிக்கடி தோன்றும். யாரிடம் சொல்வது? உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

மாமி, நீங்கள் கல்யாணத்துக்கு வரத் தயங்குவது எதனால் என்று எனக்குப் புரிகிறது. அதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். முதல் வரிசையில், ஓரமாக, ஏசிக்குக் கீழே உங்களுக்குத் தனி சோபா. வாசலில் சந்தனம் குங்குமம் கொடுக்க நிற்கும் பெண்களிடம், தட்டை உங்கள் பக்கம் கொண்டுவரவே கூடாது என்று சொல்லியாயிற்று. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் அதைத் தட்டில் வைத்து மண்டபம் முழுக்க எடுத்து வருவார்கள். எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் செய்து அனுப்புவார்கள். அந்தத் தட்டையும் நீங்கள் இருக்கும் வரிசையை விட்டுவிட்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எந்தச் சங்கடமும் வராது. நான் பொறுப்பு.

பூமாரி


மாதுங்கா
10 மே 2025

பூமாரி,

உன் ஏற்பாடுகளைப் படித்தேன். ஒன்றையும் விட்டுவிடாமல் யோசித்திருக்கிறாய். அம்மை போட்டவளைக்கூட இவ்வளவு கவனமாக ஒதுக்கி வைக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தை விட்டுவிடு என்று சொன்னேன். நீ விடவில்லை. ஆகவே சொல்கிறேன். நான் படித்த கான்வென்ட்டில் ஒரு விதி. மன்னிப்புக் கேட்பவள் எதற்காகக் கேட்கிறாள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘நீட்டியது என் தப்பு’ என்று எழுதியிருந்தாய். வாக்கியத்தில் குறையில்லை. காரணம்தான் தப்பு.

நீ நீட்டியதற்கு நான் கோபிக்கவில்லை. நீட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டாயே, அதற்குத்தான்.

இந்தப் பதினொரு வருஷத்தில் என்னிடம் யாரும் சிமிழை நீட்டியதில்லை. பூக்காரிகூட என்னைப் பார்த்தால், “சாமிக்கா மாமி?” என்று கேட்டுவிட்டுத்தான் முழம் போடுவாள். நவராத்திரியில் பக்கத்து ஃபிளாட் பெண்கள் என் வாசலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதுவும் மரியாதைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நீ யோசிக்காமல் நீட்டினாய். பத்திரிகை வைக்கப் போன வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறாள், அவளுக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் உன் கைக்குத் தெரிந்தது. அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உனக்கு யோசனை வந்துவிட்டது. மூடினாய், பையில் போட்டாய், ஜிப்பை இழுத்தாய். என் வீட்டு ஹாலில், என் முகத்துக்கு முன்னால்.

நீட்டியபடியே நின்றிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பீர்களா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. ‘வேண்டாம்மா’ என்று சொல்லியிருக்கலாம். அநேகமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். நீயும் இல்லை, உன் சித்தியும் இல்லை.

கல்யாணங்களுக்குப் போவதை ஏன் நிறுத்தினேன் என்பதையும் தெரிந்துகொள். என் தங்கை மகள் சுஷ்மாவுக்கு நெருளில் கல்யாணம். மாமாவின் முதல் வருஷத் திதியான வருஷாப்தீகம் முடிந்துவிட்டது, போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண்ணையும் பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தூக்கி வளர்த்த குழந்தை என்பதால் நானும் போய் நின்றேன். என் ஓர்ப்படி, மாமாவின் அண்ணன் மனைவி, என் முழங்கையைத் தொட்டு, “நாகு, செத்த அந்தப் பக்கம் உக்காந்துக்கோயேன். வீடியோ எடுக்கறா” என்றாள். வீடியோவின் மேல் பழியைப் போட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, சுஷ்மாவும்தான். வீட்டுக்கு வந்த பிறகு, இனி ஒருவரும் என்னை நகரச் சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். போகாமல் இருந்தால் நகர வேண்டியதில்லை.

ரயிலின் நான்காவது சீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். நன்றாக எழுதியிருந்தாய். ரயிலில் ‘நகரு’ என்றால் ஒருத்திக்கு இடம் கிடைக்கிறது. கல்யாணத்தில் ‘நகரு’ என்றால் ஒருத்திக்கு இருந்த இடமும் போகிறது.

சோபாவை ரத்து செய். நான் வரப்போவதில்லை. வருவதாக இருந்தாலும் அதில் உட்கார மாட்டேன்.

நாகலக்ஷ்மி வெங்கடராமன்


தாராவி
21 மே 2025

அன்புள்ள மாமிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். சித்தி வீட்டிலிருந்து உங்கள் கட்டடத்துக்கு நடந்தே வந்துவிடலாம். நேற்று கேட் வரைக்கும் வந்தேன். உங்கள் பால்கனியில் மானசாவின் துணி உலர்ந்துகொண்டிருந்தது; எல்லாம் ஒரே கிளிப்பில். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேலே ஏறி வரத் தைரியம் வரவில்லை. இதை லெட்டர் பாக்ஸில் போடப் போகிறேன். எண்ணைச் சரிபார்த்துவிட்டேன்.

இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் காரணத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவேன். செய்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“நான் எதுக்குக் கையப் புடிச்சேன்னு நெனைக்க?” என்று கேட்டாள்.

“சாஸ்திரத்துக்குன்னு.”

“சாஸ்திரத்தக் கண்டேன். அவிய படிச்சவிய, பெரிய வீடு. நானே செருப்ப எங்க விடணும்னு தெரியாம நிக்கேன். நீ வேற சிமிழ நீட்டுத. தாராவிக்காரிகளுக்கு ஒரு முறையும் தெரியலன்னு அவிய நெனச்சிருவாவளேன்னு பயந்துட்டேன். நம்மள கேவலமா நெனைக்கக் கூடாதேன்னு பாத்தேன். அவிய மனசு நோவும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்க.”

தேங்காயை மறுபடி கையில் எடுத்தவள் கேட்டாள். “அப்ப நீ சொல்லி வச்சிருக்கது? அந்த வரிசைய விட்டுட்டுத் தாலிய எடுத்துட்டுப் போன்னு?”

“அதுவும் தப்புதான் சித்தி.”

“தப்புல பெரிய தப்பு. நான் ஒருக்கா கையப் புடிச்சேன். நீ மண்டபம் பூரா ஆள் போட்டுக் கையப் புடிக்கப் பாத்திருக்க.”

மாமி, சோபா இல்லை. வாசல் பெண்களிடம் சொன்னதைத் திரும்பச் சொல்லிவிட்டேன்: வருகிற எல்லோருக்கும் தட்டை நீட்ட வேண்டும், யாரையும் பார்த்து எடை போட வேண்டாம். தாலித் தட்டை மண்டபத்துக்குள் எடுத்து வரப்போவது சித்தி. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்த வரிசையையும் விடமாட்டாள். உங்கள் முன்னால் வந்து நிற்பாள். நீங்கள் தொடலாம். தொடாமல் தலையசைத்து அனுப்பிவிடலாம். இரண்டுக்கும் அவள் நிற்பாள்.

ஹரியிடமும் சொல்லிவிட்டேன். “இதுல என்ன இருக்கு?” என்று சிரித்தார். நிறைய இருக்கிறது என்று சொல்லி உங்கள் நெருள் கல்யாணத்தைச் சொன்னேன். பிறகு அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுப் பெரியவர்களில் யாராவது முணுமுணுக்கலாம், அதை நான் மறைக்க விரும்பவில்லை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று என்னால் பொறுப்பு ஏற்க முடியாது. போன தடவை அப்படிப் பொறுப்பு ஏற்றுத்தான் உங்களை ஓரத்து சோபாவில் உட்கார வைக்கப் பார்த்தேன்.

நீங்கள் வருவது உங்கள் இஷ்டம். எனக்கு ஆசையாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

பூமாரி


மாதுங்கா
30 மே 2025

பூமாரிக்கு,

மழை இந்த வருஷம் மே மாதமே வந்துவிட்டது. உன் கடிதத்தின் உறை நனைந்திருந்தது. உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் சித்தி செருப்பை நான் சொன்ன இடத்தில்தான் விட்டாள். தப்பாக ஒன்றும் செய்யவில்லை. காபி டம்ளரை டபராவோடு சேர்த்து நேராகத் திருப்பி வைத்தாள். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை. நான் கவனித்தேன் என்று அவளிடம் சொல்.

வருவேன் என்று நான் எழுதவில்லை. மண்டபத்தில் முதுகு சாய்க்கும்படியான நாற்காலிகள் உண்டா என்பதை மட்டும் தெரிவி. பிளாஸ்டிக் ஸ்டூல் என்றால் எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது.

துணி விஷயத்தை மானசாவிடம் சொல்லிவிட்டேன்.

நாகலக்ஷ்மி வெங்கடராமன்


கோவில்பட்டி
15 ஜூன் 2025

அன்புள்ள மாமிக்கு,

மறுவீட்டுக்கு வந்திருக்கிறோம். தாதரில் ஏறியதிலிருந்து ஹரி ஜன்னலை விட்டு நகரவில்லை. கொங்கண் பக்கம் ஒவ்வொரு சுரங்கம் முடிந்ததும் ஒரு அருவி. நான் தனியாகப் பயணம் செய்து பழகியவள். பக்கத்தில் ஒருவர், “அதப் பாரு, இதப் பாரு” என்று சொல்லிக்கொண்டே வருவது முதலில் தொந்தரவாக இருந்தது. ரத்னகிரி தாண்டியதும் நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நீங்கள் வந்தீர்கள். வாசல் பக்கம் சாம்பல் நிறப் பட்டில், குடையை மடக்கிக்கொண்டு நீங்கள் நுழைந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஐயர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. “அம்மா, கவனம்” என்று அவர் இரண்டு தடவை சொன்னாராம்.

சித்தி தட்டை எடுத்துக்கொண்டு இறங்கியதையும் பார்த்தேன். வரிசை வரிசையாக வந்தாள். உங்கள் வரிசையில் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். வெளிச்சத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் யாரோ ஏதோ சொல்வது கேட்டது. நீங்கள் எழுந்து போய்விட்டீர்களோ என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். விளக்கு நகர்ந்தபோது தட்டு அடுத்த வரிசையில் இருந்தது. நீங்கள் உங்கள் நாற்காலியில் இருந்தீர்கள்.

பந்தியில் உங்களிடம் கேட்கலாம் என்றால் சுற்றிலும் ஆட்கள். சித்தியிடம் கேட்டேன். “அவிய முன்னால என்ன நடந்துச்சுன்னு அவியதான் சொல்லணும். நான் இனிமே அவியளுக்குப் பதிலா வாயத் தொறக்கதா இல்ல” என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரமாக என்னைக் காய விடுகிறாள்.

என்ன நடந்தது மாமி? நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் வந்து உட்கார்ந்ததே எனக்கு நிறைந்துவிட்டது. ஆனால் தெரியாமல் இருக்க முடியவில்லை.

பூமாரி


மாதுங்கா
24 ஜூன் 2025

அன்புள்ள பூமாரிக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில், மற்றவை பிறகு.

நான் மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். உன் சித்தி என் முன்னால் வந்து தட்டைத் தாழ்த்திப் பிடித்தாள். தேங்காயின் மேல் தாலி, பக்கத்தில் அட்சதை, ஓரத்தில் குங்குமம். “மாமி” என்றாள். குங்குமத்தை நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வேண்டாம் என்று நானே நினைத்தேன். நினைத்து முடித்ததும் மனசில் ஒரு குறையும் இல்லை. தாலியைத் தொட்டேன். நன்றாகவே தொட்டேன்.

பிறகுதான் தாமதம். தொட்டால் ஏதாவது சொல்லி வாழ்த்த வேண்டுமே. என்னிடம் ஒன்றும் தயாராக இல்லை. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பதால் கைவசம் வைத்திருக்கவில்லை. ‘தீர்க்க சுமங்கலியாக இரு’ என்பதுதான் எல்லோரும் சொல்வது. என் கல்யாணத்தில் எனக்கும் அதைத்தான் மண்டபம் முழுக்கச் சொன்னார்கள், மனதாரச் சொன்னார்கள். அது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அதையே எடுத்து உனக்கு நான் கொடுக்க முடியாது. நடக்கக் கூடியதாக, நான் நம்பக் கூடியதாக ஒன்று வேண்டும். யோசித்தேன். உன் சித்தி நின்றாள்.

பின் வரிசையில் ஹரிகிருஷ்ணன் வீட்டு அம்மாள் ஒருத்தி, பச்சைப் புடவை, “அந்தம்மாவ விட்டுட்டு இங்கன கொண்டாங்க, முகூர்த்தம் போவுது” என்றாள். எனக்கு முதுகு நிமிர்ந்தது. எழுந்து போகக் குடையைத் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவுங்க யோசிச்சிக்கிட்டு இருக்காங்க. நிக்கேன்ல?” என்றாள். தட்டு அசையவில்லை. குடையை மறந்துவிட்டேன்.

அப்புறம் வந்தது. மாமாவுக்கு ரயிலேறிப் போகும் தூரத்தில், ஃபோர்ட்டில் ஆபீஸ். காலையில் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுவார்; ராத்திரி அவர் வரும்போது நான் தூங்கிப்போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் எதிரும் புதிருமாக உட்காருவோம். அவரும் நானும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி ரயிலுக்குப் போய்விட்டது. அவர் ரிடையர் ஆனபின் கிடைத்த வருஷங்களில் நான் ஒரு வேளையைக்கூடத் தனியாகச் சாப்பிடவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில் அதற்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே உன் சித்தியிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் தினம் ஒரு வேளையாவது சேர்ந்து உக்காந்து சாப்பிடணும்.”

அவள் கேட்டாள். “அவ்வளவுதானா மாமி?”

“இந்த ஊர்ல அது கெடைச்சாலே போறும்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தட்டு பின் வரிசைக்குப் போயிற்று. பச்சைப் புடவை அம்மாள் தாலியைத் தொட்டாள். என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாகரிகமில்லைதான். “எனக்கும் அந்தம்மா சொன்னதேதான். அதையே போட்டுக்கிடுங்க” என்றாள். அந்த வரிசை முழுக்க, ஒருத்தர் பாக்கியில்லாமல், அதையே சொல்லி அனுப்பினார்கள். விளக்கு உன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தபோது கீழே நடந்தது இதுதான்.

அன்புடன்,
நாகலக்ஷ்மி மாமி